மேசை வாடகை, கேலரி கமிஷன், கூரியர் பெட்டி: எது எவ்வளவு தின்னும்?

சனி, ஞாயிறு இரண்டு நாள் சந்தையில் இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றது என்றால் நல்ல விற்பனைதான். அதில் கைக்கு நின்றது எவ்வளவு என்று திங்கட்கிழமை கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. சென்னையில் கைவேலை விற்க ஐந்து வழிகள் நடப்பில் இருக்கின்றன: சந்தை மேசை, வாடகை ஹாலில் கண்காட்சி, கேலரி, கடையில் வைத்து விற்பது, இன்ஸ்டாகிராம். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம். 450 ரூபாய் லினோகட் அச்சு (லினோலியத் தகட்டில் செதுக்கி மை தடவி எடுக்கும் படம்), 8×10 அங்குல வாட்டர்கலர், 24×36 அங்குல அக்ரிலிக் கேன்வாஸ். சதுர அங்குலத்துக்கு 30 ரூபாய் என்று போட்டால் வாட்டர்கலர் 2,400. கேன்வாஸ் 25,920, அதாவது 26,000. செலவுத் தொகைகள் மாதிரிக் கணக்கு. உங்கள் ரசீதில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேசை

இரண்டு நாள் மேசை வாடகை 7,000 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 8,260. குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) போக, வர 2,400. உதவிக்கு ஒருவர், நாளுக்கு 700 வீதம் 1,400. சாப்பாடு, தண்ணீர் 600. கவர், பில் புத்தகம், ஸ்டிக்கர் 500. மொத்தம் 13,160. விற்பனை விலையில் 30 சதவீதம் மூலப்பொருளுக்குப் போகிறது என்றால், ஏறக்குறைய 18,800 ரூபாய்க்கு விற்றால்தான் கைக்காசு போகாமல் தப்பிக்கலாம். 450 ரூபாய் அச்சு மட்டும் விற்றால் 42 பில். கடை திறந்திருப்பது இருபது மணி நேரம் என்றால், மணிக்கு இரண்டு பில் விழுந்தாலும் லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். இதில் உங்கள் கூலி சேரவில்லை. உதவியாளை நிறுத்தி 1,400 மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். தனி ஆளாக உட்கார்ந்து பாத்ரூம் போகக் கடையை யாரிடம் விடுவது என்று விழித்தவர்கள் அடுத்த முறை மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

பில் எண்ணிக்கையைக் கூட்டப் பாடுபடுவதைவிட சராசரி பில் தொகையை ஏற்றுவது எளிது. அதே 18,800-க்கு சராசரி பில் 700 ஆனால் 27 பில் போதும். அச்சை ஒன்று 450, இரண்டு 800 என்று எழுதி வைப்பது ஒரு வழி. 900 ரூபாய்க்கு மவுன்ட் போட்ட அச்சை நடுவில் வைப்பது இன்னொன்று. வாட்டர்கலர் நான்கைந்து போகும். 26,000 ரூபாய் கேன்வாஸைச் சந்தைக்குக் கொண்டுபோவது பின்னணித் திரைக்குத்தான். "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்கக்கா" என்று யாராவது கேட்பார்கள், நீங்கள் சொல்வீர்கள், அவர்கள் பக்கத்துக் கடை மெழுகுவத்தியைப் பார்க்கப் போய்விடுவார்கள். விலைச் சீட்டு இல்லாத பொருளை முக்கால்வாசிப் பேர் கேட்கவே மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூச்சம்.

சந்தையில் கவிழ்ப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள். அமைப்பாளர் தருவது ஒரு 5 ஆம்பியர் பிளக்; அதுவும் மேசைக்கு அடுத்த தூணில் இருக்கும். ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன், 3000 கெல்வின் கிளிப் விளக்கு இரண்டு கட்டாயம். ஹாலின் வெள்ளை டியூப் வெளிச்சத்தில் மஞ்சளும் காவியும் செத்துப்போகும். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் திறந்தவெளி என்றால் மதியம் கடல்காற்று தொடங்கியதும் படம் மாட்டும் கிரில் ஸ்டாண்டு முன்பக்கமாகச் சாயும். அடிக்கம்பியில் இரண்டு கிலோ மணல் பை தொங்கவிடுங்கள், காலை பத்து மணிக்கே, காற்று இல்லை என்று பார்க்காமல். பேஸ்மென்ட் ஹாலில் வாங்குபவரின் நெட்வொர்க் போய்விட்டால் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். வேறு நிறுவன சிம்மில் ஹாட்ஸ்பாட்டும், பத்து, இருபது, ஐம்பதாக ஆயிரம் ரூபாய்ச் சில்லறையும் வைத்திருங்கள்.

முன்பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டியது 'எத்தனை பேர் வருவார்கள்' என்ற கேள்வியை அல்ல. அதற்கு எல்லோரும் ஆயிரக்கணக்கில்தான் பதில் சொல்வார்கள். உங்கள் வகைப் பொருளோடு எத்தனை கடை, மழை வந்து ரத்தானால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி மேசை எடுப்பது சூதாட்டம். மார்கழி, தை நல்ல காலம்: கச்சேரி சீசன், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவுகள், பொங்கல், தை முகூர்த்தம். கொலு பொம்மை செய்பவர்களுக்கு மட்டும் நாள்காட்டி வேறு. புரட்டாசியில் விற்கும் சரக்கு ஆடியிலேயே காய்ந்திருக்க வேண்டும்.

வாடகைச் சந்தையே வேண்டாம் என்பவர்கள் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டையை, பெஹ்சான் அட்டை என்பார்களே, வாங்கிவைப்பது நல்லது. காந்தி சில்ப் பஜார் மாதிரி அரசு சந்தைகளுக்கு அதுதான் நுழைவுச் சீட்டு.

சுவர்: வாடகைக்கா, கமிஷனுக்கா

ஹாலை நாமே வாடகைக்கு எடுத்து ஆறு நாள் கண்காட்சி வைப்பது பார்க்கப் பெருமையானது, செலவிலும் பெரியது. ஹால் 30,000, இருபது படத்துக்கு ஃப்ரேம் 2,200 வீதம் 44,000, அழைப்பிதழ், தேநீர், வண்டி, தொங்கவிட ஆள் என 16,000. மொத்தம் 90,000. வாட்டர்கலர் மட்டும் வைத்து இதை மீட்க 38 படம் விற்க வேண்டும். சுவரில் இருப்பதே இருபது. 26,000 ரூபாய் கேன்வாஸ் என்றால் நான்கு. இருபதில் நான்கு போவது நடக்காத காரியமில்லை, ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று திறப்பு விழாவுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மாலையிலும் கடைசி நாளிலும்தான் விற்பனை. நடுநாட்களில் மின்விசிறி சத்தம் கேட்கும்.

இடத்தைப் பொறுத்து வரும் ஆளும் மாறுவார். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்கு ஓவியர்களும் கலைக்கல்லூரி மாணவர்களும் வருவார்கள்; பாராட்டு கிடைக்கும், பணம் சந்தேகம். எல்டாம்ஸ் சாலை சி.பி. ஆர்ட் சென்டரில் கைத்தறி, நகை, கைவினைக் கண்காட்சிகள் தொடர்ந்து நடப்பதால் வாங்கும் எண்ணத்தோடு வரும் கூட்டம். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் வரிஜா கேலரிக்கு வருபவர்கள் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்ற வந்தவர்கள். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவு படம் அங்கே எடுபடும்.

ஃப்ரேம்தான் பெரிய செலவு என்பதால் இருபது படத்தையும் இரண்டே அளவில் வரையுங்கள். விற்காத படத்தின் ஃப்ரேம் அடுத்த கண்காட்சிக்கு ஆகும். பின்பக்கம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இரண்டு டி-வளையம் அடித்துக் கம்பி கட்டுங்கள். கேலரி ரெயிலில் ரம்பப்பல் கொக்கி நிற்காது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலம். அப்புறம், படம் விற்றாயிற்று என்று காட்ட ஒட்டும் சிவப்புப் பொட்டு: "எடுத்துக்கறேன், ஒரு பொட்டு வெச்சிடுங்க" என்று சொல்பவரிடம் பாதி முன்பணம் வாங்காமல் ஒட்டாதீர்கள். கடைசி நாள் அவர் போன் எடுக்கமாட்டார். நடுவில் கேட்ட இரண்டு பேர் பொட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

தனியார் கேலரி என்றால் வாடகை இல்லை, உட்கார வேண்டியதில்லை. விற்றதில் 30 முதல் 50 சதவீதம் அவர்களுக்கு. 40 என்று வைத்தால் 26,000-இல் 10,400 போய் 15,600. ஃப்ரேம் 2,500, கேன்வாஸ், பெயிண்ட் 3,000 கழித்தால் கையில் 10,100. கமிஷனைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். எங்கள் கணக்கில் அது நியாயமான விலை, கேலரி உண்மையிலேயே வாங்குபவரைக் கூட்டி வந்தால். சண்டை வருவது தள்ளுபடியில். 10 சதவீதம் குறைத்து 23,400-க்கு விற்கிறார்கள். குறைந்த விலையில் 40 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 14,040. சுவரில் போட்ட விலையில் எடுத்தால் 13,000. இந்த 1,040 யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும், திரும்ப எடுத்துவரும் வண்டி யார் செலவு என்பது படத்தைக் கொடுக்கும் முன் தாளில் இருக்க வேண்டும். அதே படத்தை வீட்டில் 18,000-க்குக் கொடுத்தால் விஷயம் கேலரி காதுக்குப் போகும், இந்த ஊரில் வெகு சீக்கிரம் போகும்.

கடையில் வைத்து விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சு, சிறு சுடுமண் பொருளுக்கு ஆகும். சரக்குப் பட்டியல் இரண்டு பிரதி, கையெழுத்தோடு; மாதம் ஒருமுறை நேரில் எண்ணுங்கள். ஜன்னலோரம் வைத்த வாட்டர்கலர் ஒரே கோடையில் வெளுத்துவிடும்.

திரை

இன்ஸ்டாகிராமில் வாடகை இல்லை என்பது உண்மை. செலவு அட்டைப் பெட்டியில் ஒளிந்திருக்கிறது. பல கூரியர்கள் எடைக்குப் பதில் பெட்டியின் அளவுக்குக் காசு வாங்குவார்கள்: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 24×30 அங்குலப் படத்தை ஃப்ரேமோடு 70×85×12 பெட்டியில் வைத்தால் தராசில் நான்கு கிலோ காட்டலாம், பில்லில் 14.28 கிலோ. அதே படத்தை ஃப்ரேம் இல்லாமல் 75×12×12 குழாயில் சுருட்டினால் 2.16 கிலோ. சுருட்டும்போது வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் சுருட்டினால் விரிக்கும்போது வெடிக்கும். தஞ்சாவூர் ஓவியத்தைச் சுருட்ட முடியாது. பலகை, சுண்ணப்பூச்சு, கல் என்று அதன் உடம்பே வேறு. அதை நகருக்குள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதே உத்தமம்.

அக்ரிலிக் மேல் பபுள் ராப் நேரே படக் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் கூரியர் வண்டிக்குள் இரண்டு நாள் கிடந்தால் வண்ணம் இளகி, குமிழி குமிழியாக வட்டத் தடம் பதிந்துவிடும். அதைத் துடைக்கவோ தேய்க்கவோ முடியாது, திரும்ப வரைவதுதான். முதலில் கிளாசின் என்ற வழவழப்பான தாள், அதன்மேல் அட்டை, அதற்கு வெளியே பபுள் ராப், குமிழி வெளிப்பக்கம் பார்த்து. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடுங்கள்; கண்ணாடிதான் என்றால் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள், உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது.

ஆன்லைன் சந்தைத் தளங்களில் வரிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். இத்தளங்கள் வழியாகப் பதிவில்லாமல் விற்பது 2023 அக்டோபர் 1 முதல் சாத்தியமானது, பான் எண்ணைக் கொடுத்து என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கொண்டு. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். பெங்களூரிலிருந்து வரும் ஆர்டரை அந்தத் தளத்தில் ஏற்கப் பதிவு வேண்டும்.

ஆக, 450 ரூபாய் அச்சுக்கு மேசையும் கடையும், 26,000 ரூபாய் கேன்வாஸுக்குக் கேலரி. நடுவில் ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை விலையுள்ள படம்தான் எங்கேயும் ஒட்டாது. மேசைக்கு அதிகம், கேலரிக்குக் குறைவு. அந்த விலையில் ஓடுவது ஆர்டர்: கிரகப்பிரவேசப் பரிசு, அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மா உருவப்படம். இன்ஸ்டாகிராமின் உண்மையான வருமானமும் இங்கேதான். பெரிய படம் விற்காத நாளுக்குச் சின்னப் பொருள் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று இஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்கிய பணமே ஓவியர்கள் பாட்டிக் (மெழுகுச் சாயம்) துணி முதலான கைவினைப் பொருள் விற்றுச் சேர்த்ததுதான்.

ஆர்டருக்குப் பாதி முன்பணம், பென்சில் வரைவுக்குப் பிறகு இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதுக்குக் காசு. தங்க ரேக்கு ஒட்டும் வேலையில் விலை ஒரு வாரத்துக்கு மட்டும் செல்லும் என்று எழுதுங்கள். இன்னொரு வரியும் வேண்டும். சொந்தமாக வரைந்து விற்ற படத்தின் பதிப்புரிமை, எழுதிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கும். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்து கொடுத்த படத்துக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது: மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால் முதல் உரிமையாளர் ஆர்டர் கொடுத்தவர். அந்தப் படத்தை நீங்கள் 450 ரூபாய் அச்சாகப் போட்டு மேசையில் வைக்க நினைத்தால், 'பதிப்புரிமை ஓவியருக்கே' என்பதை முன்பண ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.