காஸ்ட் டாங்கிளும் மார்கழிக் கச்சேரியும்

டிவியின் பின்னால் செருகும் காஸ்ட் டாங்கிள் ஒன்று வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரிடம் இருப்பது ஸ்மார்ட் வசதி இல்லாத எல்இடி டிவி. படம் இன்னும் பளிச்சென்று இருப்பதால் மாற்ற மனசில்லை. லேப்டாப்பில் ஓடுவதை ஒயர் இல்லாமல் அதில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் அதே நிலைமை. சில வருடங்களாக ஒரு டாங்கிள் ஓடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூடியூப்பைத் திறந்து காஸ்ட் குறியை அழுத்தினால், வீடியோ லேப்டாப்பிலிருந்து போவதே இல்லை. எந்த வீடியோ என்ற தகவல் மட்டும்தான் போகும். டாங்கிள் அதை நேராக இணையத்திலிருந்து எடுத்து ஓட்டும். அதனால் லேப்டாப்பை மூடி வைத்தாலும் டிவியில் பாட்டு நிற்காது. நான் அதே லேப்டாப்பில் ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டிருப்பேன். அம்மா தன் போனிலிருந்து அடுத்த பாட்டை வரிசையில் சேர்ப்பார். கூகுள் 2013-ல் 35 டாலருக்கு குரோம்காஸ்ட் என்ற தன் முதல் டாங்கிளை விற்க ஆரம்பித்தபோது உலகம் வியந்தது இந்த யோசனையைப் பார்த்துத்தான். எனக்கு இன்றும் அந்த வியப்பு குறையவில்லை.

தொல்லை மார்கழியில்தான் ஆரம்பிக்கும். டிக்கெட் வாங்கி ஆன்லைனில் கச்சேரி கேட்கும் தளங்களில் நான் பணம் கட்டிய எதிலும் காஸ்ட் குறி கிடையாது. வேறு வழியில்லாமல் பிரவுசர் மெனுவுக்குப் போய், கச்சேரி ஓடும் பிரவுசர் டேப்பையே காஸ்ட் செய்ய வேண்டும். பெயர் ஒன்றுதான், நடப்பது முற்றிலும் வேறு. இப்போது லேப்டாப் வீடியோவை இறக்கி, திரையில் காட்டி, காட்டியதை உடனுக்குடன் மறுபடி சுருக்கி, வைஃபை வழியாக டாங்கிளுக்கு அனுப்புகிறது. ஃபேன் இரையும், பேட்டரி கரையும். ஒரே வீடியோ ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து டாங்கிளுக்கு என்று ஒரே காற்றில் மூன்று முறை பயணம் செய்கிறது.

விளைவு? ஆலாபனை வரை தெரியாது. கண்ணை மூடிக் கேட்பவருக்குக் கீர்த்தனையிலும் தெரியாது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் தெரிந்துவிடும். மிருதங்கத்தில் கை விழுந்த பிறகு சத்தம் வருகிறது. மிகச் சின்ன இடைவெளிதான். ஆனால் தாளம் போட்டுக்கொண்டு பார்ப்பவருக்கு அது தாங்க முடியாத இடைவெளி. கடம் வாசிப்பவரின் விரல் ஒரு கணக்குச் சொல்கிறது, காதில் இன்னொன்று விழுகிறது. தனியின் முடிவை நெருங்கும்போது சேர்ந்து வாசிக்கும் மோராவில் எல்லாரும் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு வரும் அந்த நொடியில் படம் ஒரு கணம் உறைந்து நின்றால், இரண்டரை மணி நேரக் கச்சேரியின் சந்தோஷமே போய்விடுகிறது. அப்பாவுக்கு வரும் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

நியாயமாகச் சொன்னால் டாங்கிளை மட்டும் குறை சொல்ல முடியாது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் அடுக்குமாடியில் அத்தனை வீட்டு வைஃபையும் அதற்குள்தான் முட்டிக்கொள்கின்றன. லேப்டாப், டாங்கிள் இரண்டையும் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் படம் உறைவது வெகுவாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய பலன் கொடுத்தது, லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்தது. மூன்று பயணத்தில் இரண்டு ஒயருக்குப் போய்விட்டன. ஆனால் சத்தம் பிந்துவது மட்டும் முழுதாகப் போகவில்லை. விண்டோஸ் கீயையும் கே-யையும் சேர்த்து அழுத்தினால் வரும் மிராகாஸ்ட் ரவுட்டர் இல்லாமலே டிவியோடு நேராகப் பேசும் என்பது உண்மைதான். அதற்கு எதிர்முனையிலும் அந்த வசதி வேண்டும். எங்கள் டாங்கிளில் இல்லை. அப்புறம், ஹோட்டல், ஹாஸ்டல் வைஃபையில் இதை நம்பிப் போக வேண்டாம். பல இடங்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள்.

ஒரு காஸ்ட் குறி. கச்சேரித் தளங்கள் அதை மட்டும் சேர்த்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. ரசிகர்களிடம் காசு வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டிவி முன்னால் உட்கார்ந்து கேட்பவர்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களும் உண்டு; அவர்களை லேப்டாப் திரைக்கு முன்னால் குனிய வைப்பது சரியா?

யூடியூப்புக்கு இந்த டாங்கிளை மிஞ்ச ஒன்றுமில்லை, எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. இருந்தாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வீட்டிலும் டிசம்பரில் கச்சேரிதான். 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி, லேப்டாப்பிலிருந்து டிவிக்குச் சுவரோரமாக ஓட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். போன சீசனின் கடைசி வாரத்திலிருந்து நாங்களும் தனி ஆவர்த்தனத்தை அப்படித்தான் பார்க்கிறோம்.