அதிகம் ஓடாத ஆர்எக்ஸ் 100-ஆ, அதிகம் ஓடாத இண்ட்-சுசுகியா?

"கம்மியா ஓடின வண்டி, சிங்கிள் ஓனர், கம்பெனி பெயிண்ட்" என்று பழைய பைக்கை விற்க யாராவது போன் செய்தால், அது பெரும்பாலும் யமஹா ஆர்எக்ஸ் 100-ஆகத்தான் இருக்கும். எப்போதாவது இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. அபூர்வமாக ஹீரோ ஹோண்டா சிடி 100. டிவிஎஸ் குழுமம் சுசுகியோடு சேர்ந்து ஓசூரில் தயாரித்த ஏஎக்ஸ் 100 1984-இல் வந்தது, மற்ற இரண்டும் 1985-இல். மூன்றில் எதை வாங்கிச் சேர்த்து வைக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

ஆர்எக்ஸ் 100-க்கு ஏன் இந்த மவுசு என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. 98 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின், 11 குதிரைத்திறன், ஏறக்குறைய 100 கிலோ எடை. முறுக்கினால் பாயும். 1996-இல் புகை விதிகள் இறுகியபோது தயாரிப்பு நின்றது, அன்றிலிருந்து விலை ஏறுமுகம்தான். நல்ல வண்டி இன்று லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள், தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் டூப்ளிகேட் பாகங்களும் அதிகம். ஹெட்லைட் டூம், மட்கார்டு, சீட், டேங்க் ஸ்டிக்கர், மீட்டர் வரைக்கும் புதிதாகக் கிடைக்கும். ஓட்டுகிறவருக்கு இது வசதி, சேர்த்து வைக்கிறவருக்குத் தலைவலி. இருபது வருடம் பால் கேன் சுமந்த வண்டியை ஒரு மாதத்தில் ஷோரூம் வண்டியாக்கி நிறுத்திவிடலாம். மீட்டர் 3,000 கிலோமீட்டர் காட்டும், அந்த மீட்டரையே போன மாதம்தான் மாட்டியிருப்பார்கள். அப்புறம் அந்த 'ஜப்பான் என்ஜின்' கதை. ஆரம்ப வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை, உண்மைதான். விற்கிறவர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் 1995 வண்டிக்கும் ஜப்பான் என்ஜின்தான்!

அதனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். மட்கார்டின் உள்பக்கம், டேங்கின் அடிப்பாகம், ஸ்பானர் பட்டு முனை மழுங்கிய போல்ட் தலைகள், இடையில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட வயர், சேசிஸ் நம்பர் பஞ்சிங் மேல் ஏறியிருக்கும் பெயிண்ட். விற்கிறவர் சம்மதித்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்ததும் 0.50 என்றோ வெறுமனே 50 என்றோ எண் தெரிந்தால், அது போர் ஏற்றிய வண்டி, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டது. 3,000 கிலோமீட்டரில் யாரும் போர் ஏற்றுவதில்லை.

இண்ட்-சுசுகி நிலைமையே வேறு. இதுவும் 98 சிசி டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் ஆர்எக்ஸின் பாய்ச்சல் கிடையாது, சாதுவான வண்டி. அதைத் தேடுகிறவர் கொஞ்சம், எனவே டூப்ளிகேட் தயாரிக்கவும் ஆளில்லை. புதிதுபோல் ஒன்று நின்றால் அது நிஜமாகவே ஓடாத வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். சிக்கல் மறுபக்கம்: ஒரு சைடு கவர் உடைந்திருந்தால் அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டும். ஆர்எக்ஸில் அசலா என்று பார்க்கிறோம் என்றால், இதில் எல்லாம் இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே, பழைய போர்வையைப் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். மீட்டரில் 2,140. கிக்கர் ரப்பரில் வரி அழியவில்லை. சைடு கவருக்குள் பிளாஸ்டிக் உறையில் கையேடும், கிழிக்காத மூன்று சர்வீஸ் கூப்பனும். "அவுக வாங்குன மறுவருஷமே வெளிநாடு போயிட்டாக தம்பி. வித்துடலாம்னா விடமாட்டாக," என்றார் அந்த அம்மா. சேலை கார்டு மட்டும் லேசாக வளைந்திருந்தது. அதை நிமிர்த்தக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஓடாத வண்டி என்றால் நல்ல வண்டி என்று அர்த்தமில்லை, அதுவும் டூ ஸ்ட்ரோக்கில். கிராங்க் பேரிங்குக்குப் பெட்ரோலோடு உள்ளே வரும் ஆயில்தான் உயவு. வருடக்கணக்கில் நின்றால் அந்தப் படலம் காய்ந்து துரு ஏறும். கிராங்க் ஆயில் சீல் இறுகிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் சீல் வழியாகக் காற்றை இழுத்து, பெட்ரோல் கலவை நீர்த்து, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். "இருங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்" என்று கிளம்புகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். கிக்கரைக் கையால் அழுத்தி என்ஜின் சுற்றுகிறதா என்று மட்டும் மெதுவாகப் பார்த்தால் போதும்.

இந்த விஷயத்தில் சிடி 100 கெட்டி. 97.2 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், அடியில் எப்போதும் ஆயில் கிடக்கும். பெட்ரோலைப் போட்டு மூடி மறந்துவிடுங்கள் என்று விளம்பரம் செய்து விற்ற வண்டி, வாங்கியவர்களும் தேயும்வரை ஓட்டித் தீர்த்தார்கள். ஓடாத சிடி 100 உண்மையில் மூன்றிலும் அரிது. இருந்தும் விலை ஏறவில்லை. அரிதாக இருந்தால் மட்டும் போதாது, இளமையில் அதற்கு ஏங்கியவர்களும் இருக்க வேண்டும். சிடி 100-ஐ அப்பாதான் வாங்கினார், பையன் ஏங்கியது ஆர்எக்ஸுக்கு.

பேப்பர் விஷயம் மூன்றுக்கும் ஒன்றுதான். பதிவு 15 ஆண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நின்றுபோன வண்டியில் இது பல சுற்று விட்டுப் போயிருக்கும். ஆர்.சி. புக்கே இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மிகப் பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியை நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. அதற்கு 50 வயது ஆக வேண்டும், 1985 ஆர்எக்ஸுக்கு அது 2035-இல்தான். அப்படிப் பதிந்தாலும் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது.

சரி, எது? வாங்கி நாலு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் ஆர்எக்ஸ், அதுவும் கீறல் விழுந்த அசல் பெயிண்டோடு. புதுப் பெயிண்ட் அடித்ததற்கு அந்த விலை கொடுக்காதீர்கள். வைத்துப் பார்க்கவென்றால் நான் இண்ட்-சுசுகி பக்கம்.

காரைக்குடி வண்டி இப்போது என் வீட்டு வராந்தாவில் நிற்கிறது. கிராங்க் சீல், டயர், டியூப் மட்டும் மாற்றினேன். கழற்றிய டயர் இரண்டும் பரணில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதே என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.