ஹோஸ் ஃபிட்டிங் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வாடிக்கையாளர்களே காசு போட்டுத் தாங்களே கார் கழுவிக்கொள்ளும் வாஷ் ஒன்றை நடத்துகிறேன். சின்ன இடம், இரண்டு ஷெட். போன மாதம் ஒரு ஷெட்டில் ஹோஸை லைனோடு இணைக்கும் கப்ளிங் இரண்டாக உடைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்று பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பழைய ஃபிட்டிங்குகள் தேய்ந்துவிட்டன, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று ஒரு சப்ளையரிடம் போனேன். என் பம்ப் 100 பார் அழுத்தத்தில் ஓடுகிறது என்று தெளிவாகச் சொன்னேன். பாக்கெட்டைத் திருப்பி, "250 பார் போட்டிருக்கு பாருங்க சார். சுத்தமான பித்தளை, கண்ணை மூடிட்டு மாட்டலாம்" என்றார். மரை எந்த வகை என்று கேட்டதற்கு, "அரை இஞ்ச்னா அரை இஞ்ச்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். நம்பினேன்.

மூன்றுமே பொய்.

முதலில் மரை. என் லைன் முழுக்க பி.எஸ்.பி. மரை, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை. அவர் கொடுத்தது என்.பி.டி., அமெரிக்கக் குழாய் மரை. மரையின் கோணம் முன்னதில் 55 டிகிரி, பின்னதில் 60. 3/8 இஞ்ச் ஃபிட்டிங் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது. ஒரு இஞ்சுக்கு பி.எஸ்.பி.யில் 19 மரை, என்.பி.டி.யில் 18 என்பதால் அதில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆபத்து அரை இஞ்சில்தான். இரண்டிலும் 14 மரை. கையால் சுற்றினாலே அழகாக ஏறும், சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும். அப்புறம் சொட்டுச் சொட்டாகக் கசியும். டெஃப்ளான் டேப்பை இன்னும் இரண்டு சுற்று சுற்றி, ஸ்பானர் போட்டு இறுக்கினோம். கசிவு நின்றது. அதோடு விட்டுவிட்டேன், அது என் தப்பு.

ஐந்தாவது வாரம். ஒரு அம்மா கார் கழுவிக்கொண்டிருந்தார், பின் சீட்டில் சின்னப் பையன். அவர் தண்ணீர் பீய்ச்சும் கன்னின் விசையை விட்ட நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம். கப்ளிங் உடைந்து விடுபட்ட ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளிப் பின் கதவில் அடித்தது. கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். பையன் அழுத சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது.

உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். மேலே மஞ்சள் பூச்சு, உள்ளே சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. பித்தளையே இல்லை, துத்தநாகக் கலவை வார்ப்பு. வீல் கழுவ நாம் விடும் ஆசிட் கலந்த திரவம் துத்தநாகத்தை அரித்துவிடும். கன்னை மூடும்போதெல்லாம் அழுத்தம் ஒரு நொடி எகிறும். பொருந்தாத மரையில் நாங்கள் போட்ட இறுக்கம் வேறு. எத்தனை நாள்தான் தாங்கும்?

250 பார் கதையும் பிறகுதான் தெரிந்தது. அது வெடிக்கும் அழுத்தம். தயாரிப்பாளரின் விவரத் தாளில் வேலை அழுத்தம், அதாவது தினமும் ஓட்டக்கூடிய அதிகபட்ச அழுத்தம், 60 பார் என்றுதான் இருந்தது. ஹைட்ராலிக் ஹோஸ்களில் வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல 4 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் கடையிலேயே கேட்டிருப்பேன்.

சப்ளையருக்குப் போன் செய்தேன். "ஓவரா டைட் பண்ணியிருப்பீங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

இப்போது ஒரு அரம், மரை வகையை அளந்து பார்க்கும் ஒரு மரை கேஜ், ஒரு காந்தம் இல்லாமல் வாங்கப் போவதில்லை. அடியில் லேசாக அரத்தால் இழுத்தால் பித்தளை உள்ளேயும் மஞ்சளாக இருக்கும். காந்தம் நன்றாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது, அதனால் காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். வேலை அழுத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், பில்லில் மரை வகையையும் பொருளையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். கசிவு எங்கே என்று பார்க்கக் கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். இந்த அழுத்தத்தில் வரும் தண்ணீர் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

மஞ்சள் பூச்சுப் போட்ட கப்ளிங், மரைப் பக்கம் வெள்ளையாகப் பொடி பூத்து நிற்கிறதா? நாளைக் காலை ஷெட்டைத் திறப்பதற்கு முன்னால் பம்பை அணைத்து, கன்னை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, அதைக் கழற்றிப் போடுங்கள்.