கோல்ட் வேக்ஸோடு மூன்று வருடம்

போன வாரம் ஒரு படத்தைப் பழுது பார்த்தேன். பாதி வானத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு வேறு வானம் போட்டேன் என்று சொல்வதுதான் சரி. அந்தக் கடுப்பில் இருக்கும்போது பார்த்து நண்பர் ஒருவர், "நானும் ஆயில் பெயிண்டில் கோல்ட் வேக்ஸ் கலந்து பழகலாம் என்று இருக்கிறேன், ஒரு டின் வாங்கலாமா?" என்று கேட்டார். கோல்ட் வேக்ஸ் என்றால் தங்கமில்லை, சூடாக்காமல் அப்படியே ஆயில் பெயிண்டோடு கலக்கிற மெழுகுக் களிம்பு. உடனே பதில் அனுப்பியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும், நியாயமாகவும் இருந்திருக்காது. இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன். கோபம் முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு அடிச் சதுரத்தில் இரண்டு பிளைவுட் பேனல்கள். வரைந்து முடித்து ஏழு மாதம். தொட்டால் ஒட்டாது, துணியால் துடைத்தால் நிறம் வராது. யாரைக் கேட்டாலும் காய்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். இடம் போதாமல் நடுவில் ஒரு பேக்கிங் ஷீட்டை (கேக் சுடும் தட்டில் விரிக்கிற ஒட்டாத தாள்) வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டேன். அதற்கு மேலே இன்னும் நாலு பேனல். வெயில் காலம் முழுவதும் அப்படியே கிடந்தன. எடுத்துப் பார்த்தால், ஷீட்டின் ஒவ்வொரு சுருக்கமும் கீழே இருந்த படத்தின் வானத்தில் அச்சாக இறங்கியிருக்கிறது. கசங்கிய சட்டையைத் தேய்க்காமல் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு வானம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பேக்கிங் ஷீட்டைக் கசக்கி ஈரப் பெயிண்டின் மேல் அழுத்தி உரித்து, அதே சுருக்கங்களை வேண்டுமென்றே போட்டவன் நான். பாறை, பழைய சுவர், மரப்பட்டை என்று எதற்கெடுத்தாலும் ஷீட்தான். ஆனால் இந்த வானத்துக்கு அதைக் கேட்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. டின்னில் இருப்பது கரைப்பானில் கரைத்த தேன்மெழுகு, களிம்பு பதத்தில். கரைப்பான் ஆவியானதும் மெழுகு இறுகிவிடும், ஓரிரு நாள் வேலை. எண்ணெய் அப்படியில்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். மேலாகத் தொட்டால் ஒட்டாத நிலைக்கே சில நிறங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், உள்ளே இறுக மாதக்கணக்கு. ஆனால் இறுகின எண்ணெய் திரும்ப இளகாது. மெழுகு இளகும். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் என்றாலும், 35 டிகிரியிலேயே விரலுக்கு வளைந்துகொடுக்க ஆரம்பித்துவிடும். ஆக, "காய்ந்துவிட்டது" என்று நாம் சொல்கிற படத்தில் ஒரு பாதி காய்ந்திருக்கிறது, மறுபாதி சும்மா உறைந்து உட்கார்ந்திருக்கிறது.

என் தப்பும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பளபளப்பில்லாத மேற்பரப்பின் மேல் ஆசை வந்து பாதிக்குப் பாதி கலந்தேன், வானத்தில் அதற்கும் மேலேயே இருக்கும். மெழுகு கூடக் கூடப் படம் மென்மையாகும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கேன்வாஸ் துணி ஆகாது, பலகைதான் என்பதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பெயிண்டைச் சீக்கிரம் இறுகவைக்கிற அல்கிட் மீடியம் கொஞ்சம் சேர்த்திருந்தால் இன்னும் கெட்டியாக இறுகியிருக்கும், அதையும் செய்யவில்லை. சரி, தப்பு என்னுடையது. எரிச்சல் மட்டும் அதனால் குறையவில்லை.

மெழுகு நிலைக்காத பொருள் என்று சொல்ல வரவில்லை. எகிப்தில் ரோமானியர் ஆண்ட காலத்தில், மம்மிகளின் முகத்துக்கு மேலே பொருத்துவதற்காகப் பலகையில் வரைந்த ஃபாயூம் உருவப்படங்கள் இருக்கின்றனவே, அவற்றில் பல மெழுகில் வரைந்தவைதான். கிட்டத்தட்ட 2,000 வருடம் ஆகியும் கண்கள் நம்மையே பார்க்கின்றன. அது மெழுகைச் சூடாக்கி வரைகிற என்காஸ்டிக், நம் டின்னுக்குப் பெரியப்பா வீட்டு உறவு. ஆனால் அவை வறண்ட மணலுக்குள் கல்லறையில் கிடந்தன. யாரும் அவற்றுக்கு மேல் பேக்கிங் ஷீட் வைத்து நாலு பேனல் அடுக்கவில்லை.

பழுது பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மென்மையான துணியால் வட்டமாகத் தேய்த்தேன். மினுமினுப்பு வந்தது, சுருக்கம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அடுத்து காட்டன் பட்ஸில் மினரல் ஸ்பிரிட் தொட்டு லேசாக நீவினேன். பட்ஸ் நீலமாகிவிட்டது. எத்தனை மாதம் ஆனாலும் கரைப்பான் பட்டால் மெழுகு கரையத்தான் செய்யும். இதனால்தான் சாதாரண வார்னிஷும் அடிக்க முடியாது, வார்னிஷில் இருக்கிற கரைப்பானே படத்தைக் கலக்கிவிடும். பாதுகாப்புக்கு மேலே ஒரு பூச்சு வேண்டுமென்றால் மறுபடியும் அதே மெழுகுதான். கடைசியில் பெயிண்டிங் நைஃபை எடுத்தேன்.

அங்கேதான் கோபம் ஒரு மணி நேரத்துக்குக் காணாமல் போனது. கோல்ட் வேக்ஸில் சுரண்டுவதைப் போல ஒரு சுகம் வேறு எந்த மீடியத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அடியில் யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள், அதன் மேல் ஒரு சிவப்பு, அதற்கும் மேலே சாம்பல் நீலம் என்று அடுக்குகள் இருக்கும். கடைசி அடுக்கு போட்டு இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ ஒரு பதம் வரும். விரலை வைத்தால் பிடிக்கும், ஆனால் நிறம் விரலோடு வராது. அப்போது நைஃபின் விளிம்பைச் சாய்த்து இழுத்தால், சீவின பென்சில் சுருள் மாதிரி பெயிண்ட் சுருண்டு எழும். அதற்குக் கீழே, நாம் போட்டு மறந்தே போன சிவப்பு ஒரு நூல் அளவுக்கு எட்டிப்பார்க்கும். ஒரு நாள் முந்தினால் சத்தமே இல்லாமல் குழைந்து எல்லாம் சேறாகிவிடும். ரொம்பப் பிந்தினால் நைஃப் கிறீச்சிடும், பொடிதான் உதிரும். அந்த நடுப்பதத்தை நிறத்துக்கு நிறம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு நிறத்தில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் இறுகும், ஐவரி பிளாக்கும் டைட்டானியம் வொயிட்டும் இழுத்தடிக்கும். முதல் வருடம் இது தெரியாமல் எட்டு பேனலைச் சேறாக்கினேன். அதில் ஒன்றுகூட இப்போது கையில் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே வேறு படம் வந்துவிட்டது.

பழைய வானத்தைச் சுரண்டும்போது, அடியில் இருந்த ஓக்கர் நீளமாக ஒரு கீற்று தெரிந்தது. அதை அப்படியே விட்டேன். புது வானம் சுமார்தான். பழையது நன்றாக இருந்தது.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்கிறேன். பிரஷ் இதற்கு வீண், நைஃபும் சிலிக்கான் ஸ்கிரேப்பரும் சின்ன ரோலரும் போதும். நைஃபைத் துணியால் துடைத்தாலே சுத்தமாகிவிடுவதால் கரைப்பான் செலவு குறைவு, அப்படியும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் குவிக்காதீர்கள். ஆயில் பெயிண்டில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடாகும், குவியல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். கறுப்பு நிறம் மெழுகோடு சேர்ந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், இறுகின பிறகு தேய்த்தால் ஆழம் கொஞ்சம் திரும்பும். மென்மையான மேற்பரப்பு என்பதால் தூசி உட்கார்ந்தால் லேசில் போகாது.

அப்புறம் அந்த மூடி. விளிம்பில் மெழுகு ஒட்டியிருக்கும்போதே மூடினால் அடுத்த முறை திறக்க வராது. அதற்குப் பயந்து லேசாக மூடினால் கரைப்பான் பறந்துபோய் உள்ளே கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டிகளில் ஒன்று நைஃபில் மாட்டினால், இழுக்கிற இடமெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி கோடு விழும். கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் விட்டுக் குழைத்தால் சரியாகும், ஆனால் அதற்கும் முதலில் மூடியைத் திறக்க வேண்டுமே.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறானே என்று நினைப்பீர்கள். அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. இன்றைக்கு வேண்டாம். பழகிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். என்னுடைய மூன்றாவது டின்னில் பாதி மீதி இருக்கிறது, பேனலும் நைஃபும் தருகிறேன். வானம் போட்டு முடித்த கையோடு இறுக்கி மூடிவிட்டேன், நேற்றிலிருந்து திறக்க வரவில்லை. கையில் நல்ல பிடி உள்ள யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.