ஈரல் நோயில் மனச்சோர்வு: செர்ட்ரலினா, எஸ்சிட்டலோபிராமா?

சென்னையில் ஈரல் டாக்டர் ஒரு பக்கம், மனநல டாக்டர் இன்னொரு பக்கம். பெரியப்பாவுக்காக அலைந்தபோது எழுந்த கேள்வி இது: மனச்சோர்வுக்கான இந்த இரண்டு மருந்தில் ஈரல் நோய் உள்ளவருக்கு எது?

அளவு: எஸ்சிட்டலோபிராம் நாளுக்கு 10 மில்லிகிராம் வரைதான். செர்ட்ரலின் லேசான பாதிப்பில் வழக்கமானதில் பாதி. அதற்கு மேல் முற்றினால் அமெரிக்க மருந்துக் குறிப்பு வேண்டாம் என்கிறது.

இதயம்: எஸ்சிட்டலோபிராம் இசிஜியில் க்யூடி இடைவெளியை (இதயம் ஒருமுறை துடித்து மறுதுடிப்புக்குத் தயாராகும் நேரம்) நீட்டலாம். சிரோசிஸில் (ஈரல் தழும்பேறி இறுகிய நிலை) அது ஏற்கெனவே நீண்டிருப்பதுண்டு. செர்ட்ரலினில் இந்தத் தொல்லை குறைவு.

அரிப்பு: பித்தத் தேக்கத்தால் உடம்பு அரித்தால் செர்ட்ரலின் அதையும் தணிப்பதுண்டு. பெரியப்பாவுக்கு அந்த அரிப்புதான் தூக்கத்தையே கெடுத்தது.

ரத்தக்கசிவு: இரண்டுமே ஆபத்தைக் கூட்டும். உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான டுலாக்செடினா? ஈரல் நோயில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, பாதிப்பு லேசு, அரிப்பும் உண்டு என்றால் செர்ட்ரலின் கேட்டுப் பாருங்கள். ஈரல் அதிகம் கெட்டிருந்தால், இசிஜி பார்த்துக் குறைந்த அளவில் எஸ்சிட்டலோபிராம். மருந்துச்சீட்டை இரண்டு டாக்டர்களிடமும் காட்டிவிடுங்கள்.