பேசும் பட அட்டைப் பெட்டி: கதைக்கப் பிந்தும் பிள்ளைக்கு உதவுமா?

அட்டையைச் செருகினால் படத்தின் பெயரைச் சொல்கிற சின்னப் பெட்டி இப்போது ஒன்லைனிலும் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. பரவலாக விற்கிற வகையில் 112 அட்டைகள். இரண்டு பக்கமும் படம் என்பதால் 224 சொற்கள். கதைக்கப் பிந்தின பிள்ளையைக் கதைக்க வைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். ஆனால் அட்டைகளுக்கு நல்ல பயன் ஒன்று இருக்கிறது, அதுவும் பெட்டியை ஓஃப் பண்ணி வைத்தால்.

சாமானைப் பொறுத்தவரை, திரை இல்லாதது பெரிய நன்மை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன் பிறகும் ஐந்து வயதாகும்வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஃபோனைக் கையில் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பலவீனம் அட்டையில்தான்: பிள்ளை கடித்து ஓரம் ஊறினால் உள்ளே சரியாகப் போகாது. வாங்கும்போதே ஐந்தாறு அட்டைகளை இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.

பெரிய குறை மொழி. மான் படத்தைச் செருகினால் இங்கிலிஷில் 'டியர்' என்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள், கையெட்டும் தூரத்தில் மான் நிற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இது யாருடைய சொல்? 'மான்' என்பதில் வரும் ம, உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடும். குழந்தைக்கு முதலில் பழகும் ஒலிகளில் ஒன்று. அந்தச் சொல்லை அம்மாவின் முகம் பார்த்துக் கேட்டால்தான் பிள்ளை உதட்டைக் கவனிக்கும். பெட்டிக்கு உதடு இல்லை.

இனி அட்டைகளை எப்படிப் பயன்படுத்துவது? வீட்டில் தினம் கேட்கிற சொற்களாக ஆறு எடுங்கள்: மீன், நாய், பந்து, வாழைப்பழம், சைக்கிள், மான். மூன்றைத் தரையில் வையுங்கள். கையும் காட்டாமல், கண்ணும் அந்த அட்டைக்குப் போகாமல், "மீன் எங்கே?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நம் கண் போகிற திசையைப் பிடித்தே சரியாக எடுத்துவிடுவார்கள், அதனால்தான் இந்தக் கவனம். இரண்டு வயதுப் பிள்ளை சரியான அட்டையைக் காட்ட வேண்டும். எல்லாம் விளங்கியும் சொல் குறைவு என்பது ஒன்று. விளங்குவதே குறைவு என்பது வேறு, அதற்குத் தாமதிக்கவே கூடாது.

பெட்டியோடு சேர்ந்து 50 சொல் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். இங்குதான் ஏமாற்றம். பசிக்கும்போது "தா", "பால்" என்று தானாகக் கேட்கிற சொற்களை மட்டும் எண்ணுங்கள். பிள்ளைக்குப் பிடித்த அட்டையை மூடிய டப்பாவில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்: உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, விரல் நீட்டுகிறதா, "திற" என்கிறதா? ஒன்றுமே இல்லாவிட்டால் ஒப்பித்த 50 சொல்லும் கணக்கில் வராது.

12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, 18 மாதத்தில் விரல் நீட்டிக் காட்டாதது அல்லது ஒரு சொல்லும் இல்லாதது, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்காதது, மூன்று வயதில் வெளியாட்களுக்குப் பேச்சில் பெரும்பகுதி விளங்காதது: இவை பிள்ளையை வைத்தியரிடம் காட்டவேண்டிய அடையாளங்கள். வந்த சொல் மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். மூன்று வயதில் 'மரம்' 'மயம்' ஆவது பயப்பட வேண்டியதல்ல. ர, ற, ழ பிந்தி வருகிற ஒலிகள்.

வீட்டில் தமிழ், அயலில் சிங்களம், நேசரியில் இங்கிலிஷ் என்பதால் பேச்சுப் பிந்தாது. மூன்று மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்று காத்திருப்பதுதான் கெடுதல். கதவுச் சத்தத்துக்குத் திரும்புவதால் காது நல்லது என்றும் முடிவெடுக்காதீர்கள். ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். செவிப்புலன் பரிசோதனை முதலில்.

இலங்கையில் 18 மாதத் தடுப்பூசிக்குப் பிறகு அடுத்தது மூன்று வயதில். பேச்சுக் குறை தெளிவாகத் தெரிகிற காலமே இந்த இடைவெளிதான். ஊசி இல்லையென்றாலும் கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லி, வைத்தியர் மூலம் காதுப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் கடிதம் கேளுங்கள். சுகாதார விருத்திப் பதிவேட்டையும், பிள்ளை வீட்டில் விளையாடுகிற இரண்டு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

வாங்குவதென்றால் 112 அட்டைப் பெட்டியே போதும். அட்டை கூடிய, விலை கூடிய பெட்டிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஆறு அட்டை, பத்து நிமிடம், பிள்ளையின் முகத்துக்கு எதிரே நீங்கள் இருந்து.