பழைய படங்களை நகலெடுக்க ஒரு லென்ஸ்: மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ.

தாத்தா பாட்டியின் திருமணப் படம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிரதியாகத்தான் இருக்கிறது. அதன் நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. ஃபிலிமிலேயே நகலெடுத்துப் புதிய நெகட்டிவ் ஒன்றைப் பாதுகாக்க எண்ணி, முதலில் சாதாரண 50 மி.மீ. லென்ஸின் முன்னால், கிட்டத்தில் எடுக்க உதவும் குளோஸ்-அப் கண்ணாடியை மாட்டி எடுத்தேன். நடுவிலிருந்த மணமக்கள் தெளிவாக விழுந்தார்கள். ஓரத்தில் நின்ற சின்னத் தாத்தாக்களின் முகங்கள் கரைந்துபோயிருந்தன.

அந்தக் குறையைத் தீர்த்தது, பழைய கேமராக் கடையில் வாங்கிய மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்; மிகக் கிட்டத்திலிருந்து எடுப்பதற்கென்றே நிக்கான் செய்தது. இந்த வரிசையின் முதல் லென்ஸ், நுணுக்கமான ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் (ஆவணங்களை மிகச் சிறிதாக்கிச் சேமிக்கும் ஃபிலிம்) பதிவதற்காக 1956இல் வந்தது. தட்டையான தாளை மூலைவரை ஒரே கூர்மையுடன் பதியும் அந்தப் பண்பே நகலெடுப்பவருக்கு முதன்மையானது. லென்ஸ் துவாரத்தை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி எடுத்த நெகட்டிவை உருப்பெருக்கியால் பார்த்தபோது, ஓரத்தில் நின்றவரின் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப்கூடத் தெரிந்தது.

லென்ஸ் நன்றாக இருந்தாலும், கேமரா சற்றே சாய்ந்தால் பயனில்லை. படம் வைக்கும் இடத்தில் சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தி, வியூஃபைண்டரின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்தேன்; அப்படித் தெரிந்தால் படமும் ஃபிலிமும் இணையாக உள்ளன என்று பொருள். இருபுறமும் 45 பாகைச் சாய்வில் ஒரே வாட் விளக்குகளை வைத்தபின்னும், பழைய படங்களின் கரும்பகுதிகளில் மேலே பூக்கும் வெள்ளிப் படலம், தாத்தாவின் கறுப்புக் கோட்டில் தகரம்போல் மின்னியது. விளக்குகளை இன்னும் தாழ்த்திய பிறகே அடங்கியது. ஒளியளவைப் படத்திலிருந்து எடுக்காமல், ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிற அளவீட்டு அட்டையிலிருந்து எடுத்தேன். ஃபிலிம், இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம்.

மங்கி மஞ்சளித்த படமானால் நீல ஃபில்டரை மாட்டுங்கள். வெளுத்த உருவம் அழுத்தமாகப் பதியும். படத்தின்மேல் மஞ்சள் கறை மட்டும் இருந்தால் மஞ்சள் ஃபில்டர் அதைப் பெரிதும் மறைத்துவிடும்.

இந்த லென்ஸ் தனியாக, ஃபிலிமில் அசலின் பாதி அளவு வரைதான் பதியும். அஞ்சலட்டை அளவுக்கு அது தாராளம். பாஸ்போர்ட் அளவுப் படம் சட்டகத்தை நிறைக்க வேண்டுமானால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் பிகே-13 நீட்டிப்பு வளையமும் தேவை. வாங்கும்போது ஃபோகஸ் வளையம் இறுகாமல் சுழல்கிறதா, துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.